இங்கே வெளியாகாத போனை வாங்காதீர்கள்

நான் போன் மெக்கானிக். இப்படிக் கெட்டுப்போய் என்னிடம் வந்ததில் இந்த மாதத்தில் இது நான்காவது செட். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். மகன் கல்லூரியில் சேர்ந்ததற்கு வாங்கிக் கொடுத்த போன். சீனாவில் மட்டும் வெளியான மாடல், வெளிநாட்டிலிருந்து பொருள் கொண்டுவந்து விற்கும் ஒரு குருவியிடம் வாங்கியிருக்கிறார். விற்றவர் சீன மென்பொருளை அழித்துவிட்டு, சீனாவுக்கு வெளியே விற்கும் மாடலின் மென்பொருளை ஏற்றிக் கொடுத்திருக்கிறார். போனில் எந்த மென்பொருள் ஓடலாம் என்று காவல் காக்கும் பூட்லோடரைத் திறந்தபடியே விட்டுவிட்டார். அதனால் பேங்க் ஆப் ஓடவில்லை. பையன் யூடியூப் பார்த்து பூட்லோடரை லாக் செய்தான். அதோடு சரி. ‘இந்த மென்பொருளை இந்த போனில் நிறுவ முடியாது’ என்ற வரியோடு திரை நின்றுவிட்டது. உள்ளே இருந்த படங்களும் போயின. இங்கே விற்காத செட்டுக்கு இங்கே வாரண்டியும் கிடையாது.

"ஏன்ணே, இங்க வர்ற வரைக்கும் ரெண்டு மாசம் பொறுத்திருக்கலாமே" என்றேன். "நமக்கு எப்பவும் வெளிநாட்டுல வித்து மிஞ்சினதுதானே தம்பி வருது?" என்றார்.

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மிஞ்சியது எதுவும் இங்கே வருவதில்லை. ஒரு காலத்தில் நாம் காத்திருந்தது உண்மைதான். முதல் ஐபோன் 2007 ஜூனில் அமெரிக்காவில் வந்தது. இந்தியாவுக்கு ஐபோன் வந்தது 2008 ஆகஸ்டில். ஆனால் ஐபோன் 15 வெளியான 2023 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவிலும் இங்கேயும் ஒரே நாளில் விற்பனை. ஸ்ரீபெரும்புதூரிலேயே ஐபோன் செய்கிறார்கள். அப்புறம் என்ன மிச்சம்? சீனாவையே பாருங்கள். உலகின் பெரும்பாலான ஐபோன்கள் அங்கேதான் தயாராகின்றன. அப்படியும் ஐபோன் ஏர் 2025 செப்டம்பர் 19 அன்று மற்ற நாடுகளில் விற்பனைக்கு வந்தபோது சீனர்களுக்குக் கிடைக்கவில்லை. கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே இருக்கும் இ-சிம்முக்கு அங்கே அனுமதி வர அக்டோபர் 22 வரை காத்திருந்தார்கள். இந்தோனேசியாவில் ஐபோன் 16 ஏழு மாதம் கழித்து 2025 ஏப்ரலில்தான் வந்தது. உள்நாட்டுப் பங்களிப்பு 40 சதவீதம் வேண்டும் என்ற விதிதான் காரணம். கூகுள் பிக்சல் 4 இந்தியாவுக்கு வரவே இல்லை. அதில் இருந்த ரேடாருக்கு 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேண்டும். இங்கே அப்போது அதற்கு அனுமதி இருக்கவில்லை. இதில் முதல் தரம் எங்கே, மூன்றாம் தரம் எங்கே?

ஒன்பிளஸ் 12 சீனாவில் 2023 டிசம்பர் 5, இங்கே 2024 ஜனவரி 23. ஏழு வாரம். இப்படிப்பட்ட இடைவெளியில்தான் பிஐஎஸ் எனும் இந்தியத் தர நிர்ணய அமைப்பில் பதிவு, வயர்லெஸ் அனுமதி, நம் நெட்வொர்க்குகளில் சோதனை எல்லாம் முடிகின்றன. டிஸ்ப்ளேயும் பேட்டரியும் சர்வீஸ் சென்டருக்கு வந்து சேருவதும் அப்போதுதான். எங்களைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வாங்குபவர்களுக்குத் தெரிவதில்லை.

இங்கே சோதிக்காத செட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. 4ஜி வழியே கால் பேச வைக்கும் வோல்ட்இ இல்லாத செட்டில் அந்த சிம்மைப் போட்டால் சாதாரண கால் பேச முடியாது. நெட் ஓடும், கால் போகாது. இதைச் சொன்னால் ‘சிக்னல்தான் மோசம்’ என்று என்னிடமே வாதாடுகிறார்கள்.

வாங்கும்போது ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பில் தராதவரிடம் வாங்காதீர்கள். பெட்டியில் பிஐஎஸ் முத்திரை இருக்கிறதா பாருங்கள். *#06# அழுத்தினால் ஐஎம்இஐ எண், அதாவது அந்த போனின் அடையாள எண், வரும். பெட்டியில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்க எண்ணையும் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அந்த எண் சரியானதா என்று பதில் வரும். ஒரு நிமிட வேலை. இந்தியாவில் விற்கும் போன்களின் ஐஎம்இஐயை விற்பனைக்கு முன்பே அரசிடம் பதிய வேண்டும் என்பது 2023 ஜனவரி 1 முதல் விதி.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? சரி, திட்டப் போவதில்லை. பேங்க் ஆப் ஓடவில்லை என்று நீங்களாக பூட்லோடரை லாக் செய்யாதீர்கள், ரீசெட் போடாதீர்கள். படங்களை வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். திறந்திருக்கும்போது சரியான சீன மென்பொருளைத் திரும்ப ஏற்றிவிடலாம். லாக் ஆன பிறகு பெரும்பாலும் கையை விரிக்கத்தான் வேண்டியிருக்கிறது.