பழைய நண்பர்கள், புதிய மாத்திரைகள்

கல்லூரி நண்பர்கள் பல வருடம் கழித்து ஒன்றுகூட பீர் திருவிழா ஒரு நல்ல சாக்கு. சனிக்கிழமை மாலை ஆரம்பித்தால் ஞாயிறு வரை ஓடும். பழைய கதை, பழைய கேலி, நடுவில் ஒரு சீண்டல்: "அப்போ எப்படி அடிப்ப, இப்போ என்னடா ரெண்டு கிளாஸுக்கே ஓடுற?" அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு இந்தச் சீண்டல் மேல்தான் பயம். நண்பர்களுக்கு நம் இருபத்திரண்டு வயது உடம்பைத்தான் தெரியும். இன்றைக்கு அது எந்தெந்த மாத்திரையில் ஓடுகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. நாமும் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்வதில்லை.

ஞாயிறு விடிகாலையில் எங்களிடம் வருகிறவர்களில் ஒருவரைச் சொல்கிறேன். நாற்பதுகளின் பிற்பகுதி. நண்பர்கள் தோளில் தாங்கிக் கொண்டுவந்தார்கள். "ராத்திரி கொஞ்சம் ஓவர் டாக்டர், எழுப்பினா எழுந்திரிக்க மாட்டேங்கிறான்." சட்டை முழுக்க வியர்வை. மணிக்கட்டில் திருவிழாவின் காகிதப் பட்டை இன்னும் இருந்தது. நர்ஸ் அந்தக் கையிலேயே விரலைக் குத்திப் பார்த்தார். சர்க்கரை 34, ஆபத்தான அளவுக்குக் குறைவு. குளுக்கோஸ் ஏற்றிய சில நிமிடங்களில் கண்ணைத் திறந்து, "எங்கே இருக்கேன்?" என்றார். அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதே கூட வந்தவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

குழறல், தள்ளாட்டம், காரணமில்லாத கோபம், அசந்த தூக்கம். லோ சுகரும் மப்பும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். வாயில் பீர் வாடை வேறு வந்தால் யாருக்கும் சந்தேகமே வராது.

சாப்பிடாத நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை இறங்காமல் பார்த்துக்கொள்வது கல்லீரல். கையிருப்பு தீர்ந்தால் அதுவே புதிதாகத் தயாரித்துக் கொடுக்கும். ஆல்கஹால் உள்ளே இருக்கும்வரை அந்தத் தயாரிப்பு முடங்கிவிடும். மறுபக்கம் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி சர்க்கரை நோய் மாத்திரைகளும் இன்சுலினும் சர்க்கரையைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். பீரில் மாவுச்சத்து இருப்பதால் முதலில் சர்க்கரை ஏறக்கூடச் செய்யலாம். அதனால் படுக்கும்முன் பார்த்த அளவை நம்பி நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள். பல மணி நேரம் கழித்து, விடியற்காலையில் அது சரியும். வயிறு நிறைய பீர் இருக்கிறதே என்று இரவுச் சாப்பாட்டை விட்டவருக்கு இன்னும் மோசம்.

மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை மட்டும் எடுப்பவர்களுக்கு லோ சுகர் அபாயம் குறைவு. ஆனால் அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும் ஆபத்து உண்டு, முக்கியமாக சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு. அதற்காக "இன்னிக்கு ஒருநாள் மாத்திரை வேண்டாம்" என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள். போவதற்கு முன்பே உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், திட்ட மாட்டார். சாப்பாட்டை விடாதீர்கள். கூட வருகிறவர்களில் ஒருவருக்காவது உங்கள் மாத்திரை விவரம் தெரிந்திருக்கட்டும்.

அப்புறம், "தூங்கட்டும், காலையில் தெளிஞ்சிடும்" என்று அறையில் தனியாக விட்டுவிட்டு வருவது. குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றிலிருப்பது ரத்தத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும், போதையும் ஏறும். மல்லாந்து கிடப்பவர் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பக்கத்தில் ஒருவர் இருங்கள். தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, உடம்பு சில்லென்று இருக்கிறது, வலிப்பு வந்தது, எங்காவது விழுந்து தலையில் அடிபட்டது: இதில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நினைவில்லாதவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. நினைவிருந்து, விழுங்கவும் முடிந்தால் மட்டும் மூன்று நான்கு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுக்கலாம். தூக்க மாத்திரை எடுக்கிற பழக்கம் உள்ளவர் குடித்த இரவில் அதைத் தொடவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம்.

"பீர்தானே, சரக்கா அடிச்சோம்?" என்பார்கள். கணக்கைப் பாருங்கள். 5 சதவீத பீர் அரை லிட்டரில் சுமார் 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 30 மில்லி விஸ்கியில் இருப்பது சுமார் 10 கிராம். ஆக, ஒரு பெரிய கிளாஸ் பீர் இரண்டு சின்ன பெக்குக்குச் சமம். திருவிழாக்களில் 8 சதவீதம், அதற்கு மேலும் வைத்திருப்பார்கள், அப்போது ஒரு கிளாஸே மூன்று பெக். வயது ஏற ஏற உடம்பில் நீரின் பங்கு குறைவதால், அதே அளவு குடித்தாலும் ரத்தத்தில் ஆல்கஹால் கூடுதலாக நிற்கும்.

சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லாதவர்களுக்கும் ஒரு செய்தி. 2015இல் மியூனிக் அக்டோபர்ஃபெஸ்ட் கூடாரங்களுக்கே இசிஜி கருவியோடு போய், குடித்துக்கொண்டிருந்த 3,028 பேரை டாக்டர்கள் பரிசோதித்தார்கள். 30.5 சதவீதம் பேருக்கு இதயத் துடிப்பு இயல்பாக இல்லை. பெரும்பாலும் வேகமான துடிப்புதான். என்றாலும் விடுமுறைக் குடிக்குப் பிறகு துடிப்பு தாறுமாறாகிப் போவதற்கு 'ஹாலிடே ஹார்ட்' என்று 1978லேயே பெயர் வைத்துவிட்டார்கள். நெஞ்சு படபடப்பு அடங்காமலிருந்தால் இசிஜி எடுத்துப் பாருங்கள்.

ஐம்பதைத் தாண்டி புராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் பீரோடு போட்டிபோட வேண்டாம். சிறுநீர் அடைத்துக்கொண்டு நடுராத்திரியில் டியூப் போட வருகிறவர்கள் படும் வேதனையை நான் பார்த்திருக்கிறேன்.

ஊர் திரும்புகிற விஷயம் ஒன்று பாக்கி. கல்லீரல் மணிக்கு 7, 8 கிராம் ஆல்கஹாலைத்தான் எரிக்கும். காபி, பச்சைத்தண்ணிக் குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. இரவு 7 மணிக்கு ஆரம்பித்து 5 சதவீத பீர் ஆறு பெரிய கிளாஸ் குடித்தவருக்கு மறுநாள் 11 மணி வாக்கில்தான் ரத்தம் சுத்தமாகும். ஒன்பது மணிக்கே "நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்" என்று நீட்டுகிற கையில் வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள். யார் ஓட்டுவது என்பதை முதல் கிளாஸுக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.