கரைந்த கரிமப் பொருள்

நடவுக்கு முன் கொழிஞ்சியும் பூவரசந்தழையும் போட்டு மிதித்த வயலில், நாலைந்து நாளில் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிடும். டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு குவளையில் மொண்டு வைத்தால் சேறு அடியில் தங்கும். மேலே தெளிந்த நீரில் பழுப்பு அப்படியே நிற்கும். தழை மட்கி நீரில் இறங்கியது அது. ஆய்வகத்தில் ‘டிசால்வ்டு ஆர்கானிக் மேட்டர்’, தமிழில் கரைந்த கரிமப் பொருள்.

‘ஆர்கானிக்’ என்பதன் வேர் கிரேக்கத்தின் ‘ஆர்கனான்’. முதலில் கருவி, பிறகு உடலுறுப்பு என்று பொருள் நகர்ந்தது. இவ்வகைப் பொருள்கள் உயிர்களிடமிருந்தே கிடைக்கும் என்று நம்பிய காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் அந்தப் பெயரை வேதியியலில் நிலைநிறுத்தினார். 1828இல் ஜெர்மன் வேதியியலாளர் வோலர், உயிர்களின் சிறுநீரில் கிடைக்கும் யூரியாவை ஆய்வகத்திலேயே செய்துகாட்டினார். ஆமாம், நாம் மூட்டை மூட்டையாக வயலில் வீசும் அதே யூரியாதான். நம்பிக்கை ஆட்டம் கண்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

தமிழில் இதற்கு மூன்று சொற்கள். வேளாண் துறையினர் ‘அங்கக’ என்பார்கள். அங்கம் உறுப்பு என்பதால் நேர் மொழிபெயர்ப்பு. இலங்கையில் ‘சேதன’, அதாவது உயிருள்ளது. நம் பாடநூல்களில் ‘கரிம’, கரியிலிருந்து, அதாவது கார்பனிலிருந்து, பிறந்தது. முதல் இரண்டும் அந்தப் பழைய நம்பிக்கையைச் சுமக்கின்றன. பொருளுக்குள் இருப்பதைப் பார்த்து வைத்த பெயர் ‘கரிம’தான். என் ஓட்டு அதற்கே.

ஆனால் கார்பன் உள்ளதெல்லாம் கரிமப் பொருள் ஆகாது. போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதற்குக் காரணமான பைகார்பனேட்டிலும் கார்பன் உண்டு. அதனால் கரிமப் பொருளை அளக்கும் சோதனையில் முதலில் நீரில் அமிலம் விட்டு, வாயுவைக் குமிழவிட்டு, பைகார்பனேட்டைக் கார்பன் டை ஆக்சைடாக வெளியேற்றிவிடுகிறார்கள். மிச்சத்தைப் பிளாட்டினம் வினையூக்கியின் மேல் சுமார் 680 டிகிரி செல்சியஸில் எரித்து, வரும் கார்பன் டை ஆக்சைடை அகச்சிவப்புக் கதிரால் அளக்கிறார்கள்.

‘கரைந்த’ என்பதும் ஓர் ஏற்பாடுதான். வழக்கமாக 0.45 மைக்ரான் வடிதாளைத் தாண்டியதெல்லாம் கரைந்த கணக்கு. கரையாமல் நீரில் மிதக்கும் மிக நுண்ணிய துகள்களான நுண்கூழ்மங்களும் இதில் நுழைந்துவிடும்.

அந்தப் பழுப்பில் பெரும்பங்கு, உரக்கடையில் ‘ஹியூமிக்’ என்று விற்கிறார்களே, அந்த இனம். லத்தீனில் ‘ஹியூமஸ்’ மண். தமிழில் மட்கு, பேச்சில் மக்கு. (வகுப்பில் திட்டு வாங்கிய மக்கு அல்ல.) காரத்தில் கரைந்து, கடும் அமிலத்தில் வீழ்படிவது ஹியூமிக் அமிலம், இரண்டிலும் கரைந்தே இருப்பது ஃபுல்விக் அமிலம். ‘ஃபுல்வஸ்’ என்றால் மஞ்சட்பழுப்பு. குடிநீர்க்காரர்கள் இவற்றைக் கவனிப்பதற்குக் காரணம் குளோரின். அது இவற்றோடு வினைபுரிந்தால் குளோரோஃபார்ம் முதலான, உடலுக்கு ஆகாத டிரைஹாலோமீத்தேன்கள் உண்டாகும்.

எழுதும்போது ஓர் இடறல் வரும். கார்பனையே ‘கரிமம்’ என்பவர்கள் உண்டு. அவர்கள் கணக்குப்படி, சோதனையில் அளந்த கார்பனின் பெயர் ‘கரைந்த கரிமக் கரிமம்’ ஆகிவிடும். பொருளைக் கரிமப் பொருள் என்றும், அளவை ‘கரைந்த கரிமக் கார்பன், லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்’ என்றும் எழுதினால் குழப்பமில்லை.