எடை குறைப்பு ஆபரேஷன் செய்தவருக்குக் காமாலை வந்தால்

உடல் எடையைக் குறைக்க இரைப்பையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இப்போது தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கமெல்லாம் இருக்கிறார்கள். பலரும் சென்னையிலோ கோவையிலோ செய்துகொண்டு ஊர் திரும்பியவர்கள். சில வருடம் கழித்து இவர்களில் ஒருவருக்குக் கணையத்தில் கட்டி என்று தெரியவந்தால், நாங்கள் முதலில் கேட்பது பழைய ஆபரேஷன் குறிப்பைத்தான். "கொழுப்பு எடுத்தாங்க டாக்டர்" என்பதோடு பதில் முடிந்துவிடும். வயிற்றில் நாலைந்து சின்னத் தழும்புகள். இரைப்பையின் வெளிவளைவை வெட்டியெடுத்துக் குழாய்போல ஆக்கும் ஸ்லீவ் என்றாலும், சாப்பாடு போகும் வழியையே மாற்றும் பைபாஸ் என்றாலும் தழும்பு ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே நிலவரமே வேறு.

பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியில் முட்டை அளவுக்கு ஒரு பையை மட்டும் பிரித்து, சிறுகுடலை நேரே அதில் இணைத்துவிடுவார்கள். மீதி இரைப்பையும் முன்சிறுகுடலும் உள்ளேயே இருக்கும், ஆனால் சாப்பாடு அந்த வழியாகப் போகாது. பித்தக்குழாய் திறப்பதோ அந்த முன்சிறுகுடலில்தான். கணையத் தலையில் வரும் கட்டி பித்தக்குழாயை அடைத்தால் காமாலை வரும். வழக்கமாக வாய்வழியே எண்டோஸ்கோப் விட்டு, அடைப்பைத் திறந்துவைக்கும் சிறு குழாயான ஸ்டென்ட் வைப்போம். இவர்களுக்கு அது சாதாரணமாக எட்டாது. கல்லீரல் வழியாக ஊசி செலுத்திப் பித்தத்தை வடிக்கலாம். சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி உதவியோடு ஒதுங்கிக் கிடக்கும் இரைப்பைக்குள் நுழைந்தும் செய்யலாம். இரண்டுக்கும் அனுபவமுள்ள குழு வேண்டும்.

கட்டியை எடுக்கும் விப்பிள் ஆபரேஷனில் கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி இணைக்கிறோம். முன்பு எந்தக் குடலை எவ்வளவு நீளம் விட்டார்கள் என்று தெரிந்தால் திட்டமிடுவது எளிது. ஸ்லீவ் செய்தவருக்கு வேறு கவலை. இரைப்பையின் வெளிவளைவோடு அந்தப் பக்கத்து ரத்த ஓட்டமும் போயிருக்கும். விப்பிளுக்குப் பிறகு இரைப்பை பெரும்பாலும் இடது இரைப்பைத் தமனியை நம்பித்தான் இருக்கும். அதைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

என்னை அதிகம் வருத்துவது தாமதம்தான். "ஆபரேஷன் செஞ்ச உடம்பு, இளைக்கத்தானே செய்யும்" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். எடை பெரும்பாலும் முதல் ஒன்றரை வருடத்துக்குள் இறங்கி நிலைத்துவிடும். அப்புறம் காரணமில்லாமல் மறுபடி இளைத்தாலோ, அடங்கியிருந்த சர்க்கரை எடை கூடாமலேயே ஏறினாலோ சும்மா இருக்காதீர்கள். கண் மஞ்சளாகி, உடம்பு அரித்து, மலம் வெளிறினால் நம் பக்கத்தில் முதலில் கீழாநெல்லி அரைப்பார்கள். அடைப்பால் வந்த காமாலையில் அது வாரக்கணக்கில் நேரத்தைத்தான் தின்னும். எல்லாமே புற்றுநோய் இல்லை; வேகமாக இளைத்தவர்களுக்குப் பித்தப்பைக் கல்லும் வரும். ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

பித்தம் குடலுக்கு வராவிட்டால் வைட்டமின் கே உடம்பில் சேராது, ரத்தம் உறைவது தாமதமாகும். ஏற்கெனவே சத்துக் குறைவுள்ள இவர்களுக்கு அதையும் சரிசெய்த பிறகே கத்தி வைக்க முடியும். டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஆபரேஷன் நோட்ஸையும் கேட்டு வாங்கி, போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் சென்டரிலும் அதைக் காட்டுங்கள்.