கிளாம்ப் ஏன் வாய் பிளந்தது?

நான் சொந்தமாகச் செய்த முதல் சி-கிளாம்ப், அதாவது வேலைத்துண்டைத் திருகால் இறுக்கிப் பிடிக்கும் கருவி, இன்னும் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது, வாய் பிளந்தபடியே. சேலத்தில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, ஒரு வெல்டிங் மெஷினும் டிரில்லும் வாங்கி வைத்த புதிதில் செய்தது அது. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய பட்டை, 25 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனம். மூன்று துண்டாக வெட்டி ‘ப’ வடிவில் பற்றவைத்து, ஒரு முனையில் 12 மி.மீ. நட்டு, அதற்குள் நீளமான போல்ட். இரண்டு ஆங்கிளை (எல் வடிவ இரும்பை) சேர்த்துப் பிடித்து இறுக்கினேன். திருகு சுற்றிக்கொண்டே போனது, பிடி மட்டும் ஏறவில்லை. உற்றுப் பார்த்தால் முதுகுப் பட்டை, அதாவது இரண்டு தாடைகளையும் இணைக்கிற நடுத்துண்டு, வளைந்திருந்தது. வெல்டிங் விடவில்லை, மரையும் தேயவில்லை. என் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது?

ஏற்காட்டுக்குப் போகிற மலைப்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்திலிருந்து நேராக மேலே சாலை போட்டால் எந்த வண்டியும் ஏறாது. அதனால்தான் 20 கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றிப் போகிறோம். தூரம் கூடுகிறது, ஏற்றம் எளிதாகிறது. திருகின் மரையும் கம்பியைச் சுற்றிப் போகிற ஒரு மலைப்பாதைதான். 12 மி.மீ. போல்டில் ஒரு முழுச் சுற்றுக்கு முனை நகர்வது 1.75 மி.மீ. மட்டுமே. கைப்பிடி 10 செ.மீ. நீளம் என்றால், அந்த ஒரு சுற்றில் கை போகும் தூரம் 628 மி.மீ. இரண்டையும் வகுத்தால் சுமார் 359 வருகிறது. கணக்குப்படி 10 கிலோ தள்ளுவிசை மூன்றரை டன்னாக மாற வேண்டும்.

மாறாது. நடைமுறையில் ஏறத்தாழ 400 கிலோதான் கிடைக்கும். சாதாரண போல்டை இறுக்கும்போது நாம் கொடுக்கும் உழைப்பில் பாதியளவு தலைக்கடியில் உராய்ந்தே போய்விடுகிறது; கிளாம்பில் அந்த உராய்வு திருகின் முனையில் நடக்கிறது. 40 சதவீதம் போல மரையில் போகிறது. மிச்சமிருக்கும் 10 சதவீதம்தான் பிடியாகிறது. இதை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையை எடுத்த பிறகும் கிளாம்ப் பிடித்துக்கொண்டிருப்பதே அந்த உராய்வால்தான். இந்த மரையின் சரிவு 3 பாகைக்கும் குறைவு. இரும்பும் இரும்பும் உராயும்போது ஏறத்தாழ 8 பாகைச் சரிவு வரை வழுக்காமல் நிற்கும். உராய்வே இல்லையென்றால், கையை விட்டதும் திருகு தானாகக் கழன்று வந்துவிடும்.

சரி, 400 கிலோ என் பட்டையை என்ன செய்தது? திருகு தள்ளுகிற கோட்டிலிருந்து முதுகுப் பட்டையின் நடு வரை 62 மி.மீ. இரண்டையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 25,000 கிலோ-மி.மீ. முதுகை வளைக்கிற வலு இவ்வளவு. அதை எதிர்க்கிற திறனைக் காண, கனத்தை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி ஆறால் வகுக்க வேண்டும்: 625. 25,000-ஐ 625-ஆல் வகுத்தால், பட்டையின் விளிம்பில் சதுர மில்லிமீட்டருக்கு 40 கிலோ இழுவை. சாதாரண மைல்டு ஸ்டீல் 25 கிலோ வரைக்கும்தான் வளைந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பும். அதைத் தாண்டினால் வளைந்தது வளைந்ததுதான்.

இந்தக் கணக்கில் அகலம் வர்க்கமாக வருவதைக் கவனியுங்கள். 40 மி.மீ. அகலம், 10 மி.மீ. கனப் பட்டை எடுத்தால் இரும்பு இரண்டரை மடங்குக்குச் சற்றே கூடுகிறது, எதிர்ப்போ நான்கு மடங்குக்கு மேல். பட்டை அகலமானதால் முதுகின் நடு சற்றுத் தள்ளிப் போவதைச் சேர்த்தாலும், விளிம்பில் விழும் இழுவை 10 கிலோ சொச்சத்துக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் பட்டையை நிறுத்திவைத்துப் பற்றவைக்க வேண்டும், அதாவது அகலம் திருகின் திசையைப் பார்க்காமல் வாயின் ஆழத் திசையில் இருக்க வேண்டும். என் முதல் பட்டையையே படுக்கவைத்திருந்தால் விறைப்பு 17-ல் ஒரு பங்காகக் குறைந்திருக்கும்.

இரண்டாவது கிளாம்பில் திருகின் முனையில் குழி போட்டு, பழைய பேரிங்கிலிருந்து எடுத்த ஒரு குண்டை வைத்து, அதன்மேல் சிறு வட்டத் தகட்டைப் பொருத்தினேன். தகடு வேலைத்துண்டோடு அசையாமல் நிற்க, திருகு மட்டும் சுற்றுகிறது. உராய்வு இப்போது மையத்துக்கு மிக அருகில் நடப்பதால் அது தின்னும் உழைப்பு வெகுவாகக் குறைந்தது. அதே கைக்கு ஏறத்தாழ இரட்டிப்புப் பிடி கிடைக்கலாம். இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. 400 கிலோ 800 ஆனால், கனத்த பட்டையும் சதுர மில்லிமீட்டருக்கு 21 கிலோவைத் தொட்டுவிடும், எல்லைக்கு வெகு பக்கம். இதற்கு என் வழி, கைப்பிடியை வேண்டுமென்றே மெலிதாக வைப்பது. 8 மி.மீ. மைல்டு ஸ்டீல் கம்பி, 10 செ.மீ. நீளம். 12, 13 கிலோவைத் தாண்டி அழுத்தினால் கம்பி வளையத் தொடங்கும், கிளாம்பின் சட்டம் தப்பிக்க வாய்ப்பு அதிகம். கம்பி மாற்ற ஐந்து நிமிடம் போதும். கைப்பிடிமேல் பைப்பைச் செருகி இறுக்குவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

எங்கள் ஊரில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேல் எல்லோருக்கும் தனிப் பிரியம். 1981-இல் தொடங்கிய சேலம் உருக்காலைக்குப் பெயர் வாங்கித் தந்ததே அதுதானே. நானும் ஆசைப்பட்டு ஸ்டெயின்லெஸ் போல்டும் ஸ்டெயின்லெஸ் நட்டும் போட்டேன். பத்தாவது முறை இறுக்கியதும் இறுகிக்கொண்டது, பிறகு அசையவே இல்லை. அதைத் துருவிலிருந்து காப்பது மேற்பரப்பில் இருக்கும் குரோமியம் ஆக்சைடு படலம். அழுத்தத்தில் உரசும்போது படலம் உரிந்து, வெற்று உலோகமும் வெற்று உலோகமும் ஒட்டிக்கொள்கின்றன. தீயில்லாமலே பற்றவைத்த மாதிரி. கிளாம்ப் திருகுக்குச் சாதாரண ஸ்டீலும் கொஞ்சம் கிரீஸும் போதும்.

நட்டைப் பற்றவைக்கும்போது போல்டை உள்ளே விட்டு, அதன் முனை எதிர்த்தாடையின் நடுவைத் தொடும்படி வைத்து, முதலில் சின்னப் புள்ளியாகப் பற்றவைக்கவும். ஒரு நட்டு போதாது. ஒரே போல்டில் இரண்டைக் கோத்துச் சேர்த்துப் பற்றவைத்தால் மரை ஒரே வரிசையில் நிற்கும். துத்தநாகம் பூசிய நட்டு என்றால் பூச்சை முதலில் அரைத்து எடுத்துவிடுங்கள். பற்றவைக்கும்போது பூச்சிலிருந்து எழும் வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரியே காய்ச்சல் வரும்.

அப்புறம், கிளாம்ப் போட்டு வெல்டிங் செய்த வேலையை உடனே அவிழ்க்கக் கூடாது. ஒரு மீட்டர் இரும்பு 100 டிகிரி சூடானால் 1.2 மி.மீ. நீளும், ஆறும்போது அவ்வளவும் சுருங்கும். நான் கேட் சட்டம் பற்றவைத்தால், வெறுங்கையால் தொட முடிகிற வரைக்கும் நான்கு மூலையிலும் கிளாம்பை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.