வெயிலில் மணி பிடிக்காமல் சப்பியான நெல்லுக்கும் குளிரில் இறந்த மாட்டுக்கும் காப்புறுதி கிடைக்குமா?

திருகோணமலை மாவட்டத்தில் நெல் விதைப்பவர்களில் பெரும்பாலானோருக்குத் தங்கள் பயிருக்கு அரசாங்கக் காப்புறுதி இருப்பது தெரியும். ஆனால் அது எந்தச் சேதத்துக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பது சேதம் நேர்ந்த பிறகே பலருக்குத் தெரியவருகிறது. கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் மூதூரிலும் சிறுபோகம் செய்வோர் ஆண்டுதோறும் கடும் வெயிலுக்கு முகங்கொடுப்பதால், இதை விதைப்புக்கு முன்னரே அறிந்து வைத்திருப்பது நல்லது.

இலங்கையில் பயிர்க் காப்புறுதிக்கான சட்டம் 1961இல் வந்தது. இப்போது இதை நடத்தும் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை 1999ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. 2018/19 பெரும்போகத்தில் நெல், சோளம், உருளைக்கிழங்கு, சோயா, பெரிய வெங்காயம், மிளகாய் ஆகிய ஆறு பயிர்களுக்கும் கமக்காரரிடம் தவணைப் பணம் வாங்காத இலவசக் காப்புறுதி தொடங்கப்பட்டது. வரட்சி, வெள்ளம், காட்டு யானை ஆகியவற்றால் ஏற்படும் அழிவுக்கு ஏக்கருக்கு உச்சமாக 40,000 ரூபாய் என்று அப்போது வகுத்தார்கள். அது உச்சத் தொகை மட்டுமே. பாதி வயல் அழிந்தவருக்கு முழுத் தொகை வராது. பயிர்க் காப்புறுதிக்கென வங்கிகளும் நிதி, காப்புறுதி நிறுவனங்களும் வரி போக எஞ்சும் இலாபத்தில் 1 வீதத்தைச் செலுத்த வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு நிதிச் சட்டம் விதித்தது. ஆகவே இழப்பீடு கேட்டுப் போகும் கமக்காரர் எவரிடமும் இரந்து நிற்கவில்லை. தமக்கு உரியதையே கேட்கிறார்.

மேலே சொன்ன மூன்று காரணங்களில் வெப்பம் இல்லை என்பதைக் கவனியுங்கள். வரட்சியும் வெப்பமும் ஒன்றல்ல. நெற்பூ காலை 9 மணிக்கும் நண்பகலுக்கும் இடைப்பட்ட நேரத்திலேயே பெரும்பாலும் விரிகிறது. அந்த வேளையில் வெப்பநிலை 35 பாகை செல்சியஸுக்கு மேல் ஏறினால் மகரந்தம் கெட்டு, மணி பிடிப்பதில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், தாள் பச்சையாகவே இருக்கும். ஆனால் இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், பாரத்தில் சாய வேண்டிய கதிர் நிமிர்ந்தே நிற்கும். மணியை விரலால் நசுக்கினால் பால் வராது, உமி மட்டுமே நொறுங்கும். மதிப்பீட்டுக்கு வரும் அலுவலரின் கண்ணுக்கு அது வரட்சியில் காய்ந்த வயலாகத் தெரியாது, தெரியவும் முடியாது. வெப்பத்தால் விளையும் சப்பியையும் காப்புறுதிக்குரிய சேதமாகப் பெயர் குறித்துச் சேர்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. வளிமண்டலவியல் திணைக்களம் திருகோணமலை மாவட்டத்துக்கு வெப்ப எச்சரிக்கை விடுத்த நாட்களுக்குத் திகதியோடு பதிவு இருக்கிறது. அதைப் பூக்கும் காலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பெரிய வேலை அல்ல.

அதுவரை, சேதத்தைக் குறைக்கும் முதல் வழி போகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இருக்கிறது. நீர்ப்பாசனச் சட்டத்தின்படி கூட்டப்படும் அந்தக் கூட்டத்தில்தான் தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பின் கடைசித் திகதி, எத்தனை மாத நெல் என்பனவெல்லாம் தீர்மானமாகின்றன. கூட்டத்துக்குப் போகிறவர் ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளலாம்: அறுவடை நாளிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதம் பின்னால் எண்ணினால் பூக்கும் நாள் வரும். பீஜீ 300 போன்ற மூன்று மாத நெல்லை ஏப்ரல் நடுவில் விதைத்தால் ஜூன் நடுவில் பூக்கும். பீஜீ 358 போன்ற மூன்றரை மாத நெல்லுக்கு அது இன்னும் இரண்டு வாரமளவில் தள்ளிப் போகும். உங்கள் வயல்வெளியில் கச்சான் என்ற வறண்ட காற்று எந்தக் கிழமைகளில் கடுமையாக வீசும் என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்தக் கிழமைகளில் பூ விரியாதபடி திகதி வைக்குமாறு கமக்கார அமைப்பு ஒரே குரலில் கேட்க வேண்டும். கதிர் தாளுக்குள் இருக்கும் குடலைப் பருவத்திலிருந்து பால் பிடிக்கும் வரை வயலில் தண்ணீர் நிற்பது பயிரைச் சுற்றியுள்ள சூட்டை ஓரளவு தணிக்கும் என்பதால், அந்த நாட்களுக்குரிய நீர் முறையையும் அங்கேயே பேசி முடிப்பது நல்லது. தண்ணீர் உண்மையாகவே குறைந்து வயல் வெடித்தால் அது வரட்சி. வாய்க்காலில் நீர் வரத்து நின்றுபோன திகதியைக் குறித்து, திகதி தெரியும் படங்களோடு கமநல சேவை நிலையத்துக்கு எழுத்தில் உடனே அறிவியுங்கள். அறுவடை முடிந்த பின் அறிவித்தால் மதிப்பிட வயலில் எதுவும் இருக்காது.

குத்தகைக்குச் செய்பவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். காணி ஒருவர் பெயரிலும் உழைப்பு இன்னொருவருடையதாகவும் இருக்கும்போது, பதிவேட்டில் பெயர் இல்லாத உழைப்பாளி இழப்பை மட்டும் சுமக்கும் நிலை வருகிறது. இந்தப் போகத்தில் வயலைச் செய்பவர் யார் என்று கமநல சேவை நிலையத்தில் பதிந்து, பதிந்ததற்கான சான்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குளிரைப் பொறுத்தவரை, கரையோரத் திருகோணமலையில் நெல்லுக்கு அதனால் பெரிய கேடு இல்லை, அடிபடுவது கால்நடைதான். 2022 டிசம்பரில் மண்டௌஸ் சூறாவளியோடு வந்த மழையிலும் குளிர்காற்றிலும் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்தன. திறந்த பட்டிகளில் நனைந்து நின்ற விலங்குகளால் உடல் சூட்டைக் காத்துக்கொள்ள முடியவில்லை. வடக்கு, கிழக்கிலிருந்து மற்ற மாகாணங்களுக்கு இறைச்சி கொண்டு செல்வதும் அப்போது தற்காலிகமாகத் தடை செய்யப்பட்டது. நெல்லுக்கான இலவசக் காப்புறுதி இந்த இழப்புக்குப் பொருந்தாது. அதே சபை கால்நடைக்கென வேறொரு காப்புறுதி வைத்திருக்கிறது. அதற்குத் தவணைப் பணம் கட்ட வேண்டும், விரும்பியவர் சேரலாம். மாட்டை அடையாளம் காணக் காதில் இலக்கத் தகடு தேவைப்படுவதால், முதலில் அரச கால்நடை வைத்தியரிடம் போய் அதைப் பூட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். நூறு மாடு உள்ள பட்டிக்கு முழுவதும் கட்டுவது பலருக்கு இயலாது. பால் தரும் பசுக்களையும் சினைப் பசுக்களையும் மட்டுமாவது சேர்க்க முடியுமா என்று சபை அலுவலரிடம் கேளுங்கள். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் பட்டிக்கு வாகனம் போவதே கடினம் என்பதால், இந்த வேலையைச் செப்டெம்பருக்குள் முடிப்பது நல்லது.