மனுவை முதலில் போட்டால் முதல் பட்டன் கிடைக்குமா?

மாநகராட்சித் தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் தண்டையார்பேட்டைப் பக்கம் ஜோசியர்களுக்கும் என்னைப் போன்ற வக்கீல்களுக்கும் ஒரே நேரத்தில் வேலை வந்துவிடும். ராகுகாலம் கழித்து மனு போடுவது அவரவர் நம்பிக்கை, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் "முதல் ஆளா மனு குடுத்துட்டா மிஷின்ல முதல் பட்டன் நமக்குத்தானே சார்?" என்று கேட்பவர்களுக்கு மட்டும் உட்காரவைத்துப் பதில் சொல்வேன். கிடைக்காது. விடிகாலையில் வந்து வாசலில் நின்றாலும் கிடைக்காது.

வரிசையில் நிற்பதற்குப் பலன் உள்ள ஊர் சிகாகோ. அங்கே நகரத் தேர்தலில், மனு வாங்கத் தொடங்கும் நாள் காலை ஒன்பது மணிக்கு வரிசையில் இருப்பவர்களுக்குள் குலுக்கல் போட்டு முதலிடம் தருகிறார்கள். கடைசி இடமும் கண்ணில் படும் என்று நம்புகிறவர்கள், கடைசி நாளின் கடைசி ஒரு மணி நேரத்தில் வந்து மனு கொடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இன்னும் வேடிக்கை. 1937 செனட் தேர்தலில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் தொழிற்கட்சி நிறுத்திய நால்வர் பெயரும் அகரவரிசையின் முதல் எழுத்தான 'ஏ'யில் தொடங்கின. நால்வரும் ஜெயித்தார்கள்.

நம் கதை வேறு. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களுக்கு 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 38-வது பிரிவு வரிசையைச் சொல்லிவிடுகிறது. முதலில் அங்கீகாரம் பெற்ற கட்சிகளின் வேட்பாளர்கள், அடுத்து பதிவு மட்டும் பெற்ற கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். ஒவ்வொரு குழுவுக்குள்ளும் அகரவரிசை. இன்ஷியலைக் கணக்கில் எடுப்பதில்லை; ஒரே பெயரில் இருவர் இருந்தால் மட்டும் இன்ஷியலைப் பார்ப்பார்கள். இந்த மூன்று குழுப் பிரிவு 1996-இல் வந்தது. அதே ஆண்டு, திருத்தத்துக்கு முன் நடந்த சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டு வாக்குச்சீட்டு புத்தகமானது பலருக்கு நினைவிருக்கும். வார்டுத் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். அதற்குத் தனி விதிகள் உண்டு, எனவே தேர்தல் நடத்தும் அலுவலரின் அறிவிப்பைப் படித்துவிட்டுப் பேசுங்கள். டீக்கடையில் கேட்டதை வைத்து என்னிடம் வாதாடாதீர்கள்.

மனு போடும் நேரத்தை வைத்து ஒன்றும் ஆகாது என்று தெரிந்ததும் அடுத்துக் கை வைப்பது பெயரில்தான். ஜ, ஸ, ஹ எல்லாம் தமிழ் வரிசையில் 'ன'வுக்கும் பின்னால் போகின்றன. ஜெயந்தி 'செயந்தி' ஆனால் பல படி மேலே ஏறிவிடலாம். 1961 தேர்தல் நடத்தை விதிகளில் இதற்கு ஒரு வாசலும் உண்டு. மனுவில் பெயர் பிழையாக இருந்தாலோ, மக்கள் அழைக்கும் பெயர் வேறாக இருந்தாலோ, இறுதிப் பட்டியல் தயாராவதற்கு முன் எழுத்தில் கேட்கலாம். கோரிக்கை உண்மையானது என்று அலுவலர் திருப்தி அடைந்தால் மாற்றுவார். அந்தத் திருப்திதான் சிக்கல். காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் செய்யும் ஒருவரை ஏரியாவே 'ஐஸ்' சேர்த்துத்தான் கூப்பிடும். அவர் கேட்பது நியாயம். 'வ'வில் தொடங்கும் பெயருக்கு முன்னால் 'அன்பு' ஒட்டிக்கொண்டு வந்த இன்னொருவரிடம், அந்தப் பெயரில் ஒரு கல்யாணப் பத்திரிகையாவது, பழைய நோட்டீஸாவது இருக்கிறதா என்று கேட்டேன். போன வாரம் அடித்த விசிட்டிங் கார்டு இருந்தது.

சரி, மேலே இருந்தால் ஓட்டு கூடுமா? ஓரளவு கூடும் என்றே ஆய்வுகள் சொல்கின்றன. அமெரிக்காவின் ஓஹியோவில் 1992 தேர்தலின் 118 போட்டிகளை மில்லர், கிராஸ்னிக் என்ற இருவர் ஆராய்ந்து 1998-இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ பாதிப் போட்டிகளில் வரிசையின் தாக்கம் தெரிந்தது. முதலில் இருந்தவருக்குச் சராசரியாக இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல் லாபம். ஆனால் வாக்காளருக்கு வேறு துப்பு இல்லாத இடத்தில்தான், அதாவது சீட்டில் கட்சிப் பெயர் இல்லாத போட்டிகளில்தான், இது பலமாக இருந்தது. நம் மிஷினில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சின்னம் இருக்கிறது.

ஆர்.கே.நகரே சாட்சி. 2017 டிசம்பர் இடைத்தேர்தலில் 59 பேர் நின்றதால் ஒரு பூத்துக்கு நான்கு பேலட் யூனிட் (பட்டன் உள்ள பெட்டி) வைத்தார்கள். டி.டி.வி.தினகரன் சுயேச்சை, எனவே கட்சிக்காரர்கள் எல்லாருக்கும் கீழே. முந்தைய ஏப்ரலில் பிரசாரம் செய்த தொப்பிச் சின்னமும் கைவிட்டுப் போய், குக்கர் கிடைத்தது. கொருக்குப்பேட்டை மக்கள் நாலு யூனிட்டுக்குள் குக்கரைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்தினார்கள். 40,707 ஓட்டு வித்தியாசத்தில் அவர் ஜெயித்தார். (பணம் பேசியதா இல்லையா என்பது தனிக் கதை. பணம் வாங்கியவரும் பட்டனைத் தேடித்தானே ஆக வேண்டும்.)

வரிசையைவிட எனக்குப் பயம் தருவது பக்கத்துப் பட்டன். அகரவரிசை என்றால் ஒரே பெயர்க்காரர்கள் தோளோடு தோள் நிற்பார்கள். 2024-இல் ராமநாதபுரத்தில் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது, இன்ஷியல் உட்பட அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் நின்றார்கள். அவருடைய பலாப்பழச் சின்னம் ஊரெங்கும் தெரிந்துபோனதால் மூன்று லட்சத்துக்கு மேல் வாங்கி இரண்டாமிடம் வந்தார். வார்டில் வெற்றி தோல்வியே சில நூறு ஓட்டில் முடியலாம். சென்னை மாநகராட்சி வார்டுக்கு 2022-இல் டெபாசிட் 4,000 ரூபாய்தான், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 2,000. உங்கள் பெயரிலேயே மூன்று டம்மிகளை நிறுத்தப் பன்னிரண்டாயிரம் போதும். கோர்ட்டுக்குப் போகலாமே என்பார்கள். பெற்றோர் வைத்த பெயருக்காக ஒருவர் போட்டியிடுவதை எப்படித் தடுப்பது என்று கேட்டு, 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் இது தொடர்பான மனுவை ஏற்க மறுத்துவிட்டது. ஒரே பெயர்க்காரர்களைத் தொழிலோ வசிப்பிடமோ சேர்த்துப் பிரித்துக்காட்ட வேண்டும் என்று 1961 விதிகளிலேயே இருக்கிறது. வார்டிலும் அதைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், வாயால் கேட்டதற்குச் சாட்சி இல்லை.

சுயேச்சையாக நிற்பவர்களிடம், குறிப்பாக முதல் முறை நிற்கும் பெண்களிடம், நான் அதிக நேரம் பேசுவது சின்னம் பற்றி. சட்டமன்ற விதிப்படி நான்கு செட் மனு கொடுத்தாலும், முதலில் கொடுத்த மனுவில் எழுதிய சின்ன விருப்பம்தான் கணக்கு, அந்த மனு தள்ளுபடியானாலும்கூட. எனவே முதல் மனுவை வீட்டுக்காரரோ தம்பியோ அவசரத்தில் நிரப்ப விடாதீர்கள். சின்னச் சின்ன உருவம் உள்ள சின்னத்தைக் கேட்காதீர்கள். கண்ணாடி போடாமல் வரும் ஆயாவுக்குத் தட்டும் ஒன்று, கேரம் போர்டும் ஒன்று.

2022-இல் வாபஸுக்குக் கடைசி நாள் பிப்ரவரி 7, வாக்குப்பதிவு பிப்ரவரி 19. கையில் இருந்தது பன்னிரண்டு நாள், அதிலும் பிரசாரம் முன்கூட்டியே ஓய்ந்துவிடும். வாபஸ் நாளன்று மாலை அலுவலகத்தைவிட்டு நகராதீர்கள். இறுதிப் பட்டியல் ஒட்டியதும் உங்கள் பெயரின் எழுத்து, இன்ஷியல், சின்னம், வரிசை எண் நான்கையும் போட்டோ எடுத்துக்கொண்டு, தப்பிருந்தால் அன்றைக்கே கடிதம் கொடுங்கள். பேலட் அச்சுக்குப் போன பிறகு நானும் ஒன்றும் செய்ய முடியாது. அட்டையில் டம்மி மிஷின் செய்து வீடு வீடாகக் காட்டுவதானால், உங்கள் இடத்தில் உங்கள் பெயரும் சின்னமும் மட்டும் இருக்கட்டும். எதிராளியின் பெயரைப் போட்டால் புகார் நிச்சயம் வரும்.