நார்காட்டிக்: மரத்துப்போவதிலிருந்து போதைக்கு

நார்காட்டிக் (narcotic) என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் போதைப்பொருள் என்று எழுதிவிடுகிறோம். ஆனால் அந்தச் சொல் பிறந்தபோது அதில் போதையே கிடையாது. கிரேக்கத்தில் 'நார்கே' என்றால் மரத்துப்போதல். தொட்டவர் கையை மரக்கவைக்கும் மின்திருக்கை மீனுக்கும் கிரேக்கர்கள் இதே பெயரைத்தான் வைத்திருந்தார்கள். உணர்வை மரக்கச்செய்வது என்ற பொருளில் அது லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வலியை அடக்கி உறங்கவைக்கும் மருந்தை, முக்கியமாக அபினியையும் பிறகு அதிலிருந்து பிரித்தெடுத்த மார்ஃபினையும், மருத்துவர்கள் இப்படிக் குறிப்பிட்டார்கள்.

இந்தப் பொருளைப் புரட்டிப்போட்டது சட்டம்தான். அமெரிக்காவில் 1875இல் சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் அபினிக்கூடங்களைத் தடை செய்தது. அதன் குறி சீனத் தொழிலாளர்கள். 1914இல் வந்த ஹாரிசன் சட்டம் அபினியோடு கோகா இலையிலிருந்து கிடைக்கும் கோகெய்ன் போன்ற பொருட்களையும் ஒரே கட்டில் கட்டியது. கோகெய்ன் உறங்கவைப்பதில்லை, விழிக்கவைக்கும். (தடவிய இடம் மரத்துப்போகும் என்பது வேறு விஷயம்.) 1961ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் கஞ்சாவும் இதே பெயருக்குள் வந்தது. அதாவது, சொல் இப்போது உடலில் நடப்பதைச் சொல்லவில்லை. சட்டம் எதைத் தடுக்கிறது என்பதைச் சொல்கிறது.

இதன் விலையைக் கொடுத்தவர்கள் நோயாளிகள். அபினிக்கு அடிமையானவருக்கு அதைத் தொடர்ந்து எழுதிக்கொடுப்பது மருத்துவமே அல்ல என்று 1919இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. மருத்துவர்கள் மீது வழக்குகள் பாய்ந்தன. மருந்துச்சீட்டு கிடைக்காதவர்கள் கள்ளச்சந்தைக்குப் போனார்கள்.

இந்தியாவில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபின் நடந்தது இதைவிடக் கொடுமை. அப்போது பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டு சிறை என்று இருந்தது. மார்ஃபின் வாங்கி வைக்க ஒரு மருத்துவமனை பல துறைகளில் தனித்தனியாக உரிமம் எடுக்க வேண்டியிருந்தது. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். யார் வம்பை விலைக்கு வாங்குவார்கள்? மருந்துக்கடைகள் மார்ஃபின் வைப்பதையே விட்டுவிட்டன. அபினியைச் சட்டப்படி விளைவிக்கிற நாட்டிலேயே, புற்றுநோய் முற்றியவர்கள் ஒரு மார்ஃபின் மாத்திரைக்கு வழியில்லாமல் துடித்தார்கள். 2014 திருத்தம்தான் இந்த உரிமச் சிக்கலைத் தளர்த்தியது. இத்தனைக்கும், வலி தணிக்க இம்மருந்துகள் இன்றியமையாதவை என்று அந்த 1961 உடன்படிக்கையின் முன்னுரையே சொல்கிறது.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? பழைய பத்திரிகைகளில் 'லாகிரி வஸ்து' என்றார்கள், அது வழக்கொழிந்துவிட்டது. கடத்தல், கைது, சட்டம் பற்றிய செய்திகளுக்குப் 'போதைப்பொருள்' சரியான சொல். அதை மாற்றத் தேவையில்லை. 'போதை மருந்து' என்பதைத்தான் நான் தவிர்க்கச் சொல்வேன். தடைப்பொருளையும் சிகிச்சையையும் அது ஒன்றாகக் குழப்புகிறது. தன் அப்பாவுக்குப் போதை மருந்து கொடுக்கிறார்கள் என்று கேள்விப்படும் மகன், வலி தாங்காத அவருக்கு அதை வேண்டாம் என்று மறுத்துவிடக்கூடும். மருத்துவச் சூழலில் 'அபினிவகை வலிநிவாரணி' என்று எழுதலாம். மூலச் சொல்லின் அர்த்தத்துக்கு நெருக்கமாக ஒரே சொல் வேண்டுமென்றால் 'மரப்பூட்டி' பொருந்தும். கோகெய்னுக்கு 'ஊக்கி', கஞ்சாவுக்குக் கஞ்சா என்றே எழுதினால் போதும்.